சீயாம் எல்லையில் நிற்கப் போகும் மோட்டார்

தோழிகளே, இன்று இங்கே பர்மாவில், எங்கள் லத்தா பேட்டையில் நடந்ததை உடனே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் சித்தப்பா புது மோட்டாரிலேயே பக்கத்து நாடான சீயாமுக்குப் போய், பெண் கொடுத்த சம்பந்தி வீட்டாரை அசத்தப் போகிறார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம்கூட நசுக்கியாயிற்று. புறப்படுமுன் இன்சூரன்ஸ் ஏஜெண்டு ராவுத்தரிடம் ஒரு வார்த்தை சொல்லிவர, சித்தியும் நானும் கூடப் போனோம்.

"எல்லை வரைக்கும்தான் எங்க பொறுப்பு, தம்பி. சீயாம் மண்ணுல இடிச்சா உங்க பாடு," என்றார் ராவுத்தர்.

சித்தப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு ஒரு சந்தேகம். "முன்சக்கரம் சீயாம்லயும் பின்சக்கரம் பர்மாவுலயும் இருக்கும்போது இடிச்சா?"

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாப்பா, நீ படிச்சது போதும்மா."

"எல்லையில மோட்டாரை விட்டுட்டு மாட்டுவண்டியில போவோங்க," என்றார் சித்தி.

"மாட்டுவண்டியிலயா? மோட்டாரைக் காட்டத்தானேடி போறதே!"

கடைசியில், மோட்டார் எல்லைக்கு இந்தப் பக்கமே நிற்பது என்றும், சம்பந்தி வீட்டார் அங்கே வந்து பார்த்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று.

சித்தப்பா மறுபடி உற்சாகமாகிவிட்டார். ஆனால் சம்பந்தி வீட்டாரும் எங்களுக்குக் காட்டப் புது மோட்டார் வாங்கி, அதன் இன்சூரன்சும் எல்லையோடு முடிந்தால் என்ன செய்வது? யோசித்துச் சொல்லுங்கள். சித்தப்பாவிடம் நான் இன்னும் கேட்கவில்லை.