ஏரிக்குப் போகும் நாளில் போடாத மாத்திரை

அந்த பிஸ்கட் டப்பாவை அக்கா என் மடியில் கவிழ்த்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. உள்ளே இருந்ததெல்லாம் பிரஷர் மாத்திரை அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் சில குழிகள் காலி, சிலவற்றில் மாத்திரை அப்படியே இருந்தது. அத்தனையும் நான் என் கையால் கொடுத்தவை. மாமா அப்போது பொன்னேரி ஆஸ்பத்திரியில் வலது கையும் காலும் அசையாமல் கிடந்தார். மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்த இடத்தில், சாமி படத்துக்குப் பின்னால் அக்கா இதைக் கண்டெடுத்திருக்கிறாள். "நீ குடுத்தத ஒழுங்கா துன்றாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்டி" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நினைத்ததோடு விடாமல் நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் மீன்பிடிக்கிறவர். நான் பழவேற்காட்டில் இருந்துகொண்டு வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் வேலை செய்கிறேன். காலையில் ஏரிக்கரை ஊர்கள், சாயங்காலம் உள்ளே இருக்கும் நெல் ஊர்கள். தோளில் தொங்குவது ஒரே பை, உள்ளே இருப்பது ஒரே மாத்திரைகள். ஆனால் கதவைத் திறக்கும் நோய் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. நெல் ஊரில் சுகர்தான் அதிகம். சேற்றில் பட்ட சின்னக் கீறல் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும், நாற்று நட்டு நட்டுப் பெண்களுக்கு இடுப்பு நிமிராது. ஏரிப் பக்கம் வந்தால் பிரஷர். வெயிலும் உப்புக்காற்றும் தின்ற கண்ணில் சதை வளர்ந்திருக்கும். ஒரு வீட்டில் அண்ணன் ஏரிக்குப் போகிறான், அவனுக்குப் பிரஷர். தம்பி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நாற்காலி போட்டு காவல் வேலை பார்க்கிறான், அவனுக்கு சுகர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே பானைச் சோறு. அதைப் பார்த்த அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஆளைப் பார்த்தால் போதாது, அவன் நாள் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்பது.

நான் பார்த்தது உப்பைத்தான். ஏரிக்குக் கிளம்புமுன் பழைய சோற்றில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கரைத்து, கருவாட்டைச் சுட்டுக் கடித்துக்கொண்டு குடிப்பார் மாமா. அக்காவிடம் சண்டை பிடித்து உப்பைக் குறைக்க வைத்தேன். "உப்பில்லாத சோத்த துன்னுட்டு தண்ணில நின்னு பாரு, அப்பால பேசு" என்பார் சிரித்துக்கொண்டே. பிரஷர் மட்டும் போகும்போதெல்லாம் நன்றாக இருந்தது. நோட்டில் 'கட்டுப்பாட்டில் உள்ளது' என்று எழுதிவிட்டு அக்கா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு வருவேன். மாதக் கூட்டத்தில் டாக்டரம்மா, "உங்க ஏரிப் பக்கம் பரவாயில்லையே" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏரியில் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதைப் பாடு என்பார்கள். தன் பாடு வரும் நாளில் காய்ச்சலோ கல்யாணமோ, ஆம்பளை வீட்டில் இருக்க மாட்டான். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். மாமா வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்து அக்கா போன் செய்வாள், நான் படகேறிப் போவேன். பாடு இல்லாத நாளில்தான் அந்தக் கையில் பிரஷர் மிஷின் பட்டையைச் சுற்றியிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பாடு நாளில் சுற்றியதில்லை.

அடுத்தடுத்துப் பாடு வந்த ஒரு வாரத்தில்தான் அது நடந்தது. வலையை இழுத்துக்கொண்டிருந்தவரின் வலது கை திடீரென்று கயிற்றை விட்டுவிட்டது. என்னவென்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கரை சேர்த்து, வண்டி பிடித்து, பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் பொழுது ஏறிவிட்டது.

பேச்சு கொஞ்சம் திரும்பிய பிறகு, டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். கோபமாகத்தான் போனேன். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மாத்திரை ஆரம்பித்த புதிதில் பாடு நாளிலும் அதைப் போட்டுக்கொண்டே ஏரிக்குப் போயிருக்கிறார். மார்பளவுத் தண்ணீரில் வெயிலில் நிற்கும்போது கண் இருட்டி முட்டி மடங்கிவிட்டது. கூட இருந்தவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கியிருக்காவிட்டால் அன்றைக்கே போயிருப்பார். அதிலிருந்து பாடு நாளும் அதற்கு முந்தின நாளும் மாத்திரை கிடையாது. வீட்டில் இருக்கும் நாளில் ஒழுங்காகப் போடுவாராம்.

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"நீ கேக்கலியே. வூட்ல இருக்கசொல்லோ வந்து பாத்தே, நல்லாகீதுன்னே. நல்லாகீதுன்னு நீயே சொன்னப்புறம் நான் இன்னாத்த சொல்றது?"

அவர் முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. தண்ணீரில் விழுந்து சாகாமல் இருக்க என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வரப்பில் நடக்கிறவனுக்கு எழுதிய மாத்திரையை, வெறும் கஞ்சியோடு தண்ணீரில் இறங்குகிறவனுக்கும் அதே நேரத்தில் அதே அளவில் கொடுத்தது நான். அதே தெருவில் விசாரித்தால் இன்னும் நான்கு பேர் அப்படித்தான். "பாட்டுக்குப் போறப்போ யாரு துன்னுவா?" என்று எனக்குத்தான் ஒன்றும் தெரியாததுபோல் சிரித்தார்கள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் நோட்டு பொய் என்பதையும் சேர்த்து. அவர் திட்டவில்லை, ஒவ்வொருவராக வரவழைத்துக் கேட்டார். ஒருவருக்கு மாத்திரையை மாற்றினார், ஒருவருக்கு நேரத்தை. இப்போது பாடு யாருக்கு என்று விசாரித்துக்கொண்டு விடிகாலையில் படகுத்துறைக்கே போய் நிற்கிறேன். வலையைத் தோளில் போட்டுக்கொண்டே கையை நீட்டுகிறார்கள். முதல் நாள் மிஷினில் எகிறிக் கிடந்த எண்களைப் பார்த்து, மிஷின்தான் கெட்டுவிட்டது என்று என் கையிலேயே பட்டையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது.

போன வாரம் மாமாவைப் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் நான் பையைத் திறப்பதற்கு முன்பே இடது கையை நீட்டினார். அக்கா கதவோரம் நின்று இன்று மாத்திரை போட்டார் என்றாள். பட்டை இறுகி, தளர்ந்தது. எண்ணைப் பார்த்தேன். அவருக்கு அது எப்போதும் எப்படி இருந்ததோ அப்படியே நன்றாக இருந்தது. நோட்டைத் திறந்தேன், எழுத வரவில்லை.

"எய்திக்கோம்மா" என்றார் மாமா. "இனிமே தெனிக்கும் நல்லாத்தான் இருக்கும். தண்ணிக்குப் போற நாளுன்னு எனக்கு ஒண்ணு ஏது?"