ஸ்தூபா வருகிறது என்று நம்பிய நாள்

அதை வீடு என்று சொல்லலாமா என்று இன்னும் எனக்குத் தெளிவில்லை. இத்தாலியின் சிசிலித் தீவில், பகேரியா ஊருக்கு வெளியே, எலுமிச்சைத் தோட்டங்களுக்குள், பழப்பெட்டிகள் அடுக்குவதற்காகக் கட்டிய ஒற்றை அறை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் கணவர் பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வசதியான அம்மாவின் வீட்டில் வேலை செய்தார். சமையல், துப்புரவு, நாயை உலாத்தக் கூட்டிப் போவது. தோட்டமும் அறையும் அந்தச் சின்யோராவின் தங்கைக்குச் சொந்தம். தோட்டத்தில் இரவில் ஆள் இருந்தால் களவு போகாது என்று எங்களைக் குறைந்த வாடகைக்கு இருத்தியிருந்தார். அதனால் அறையைப் பற்றிக் குறை சொன்னால், அது என் கணவரின் வேலையில் போய் முடியலாம்.

கோடையில் எனக்குப் பிடித்திருந்தது. மார்கழியில் சுவர் வியர்த்தது. மெத்தையின் அடிப்பக்கம் ஈரமாகிப் பூஞ்சணம் மணத்தது. மகனுக்கு அப்போது ஐந்து மாதம். மூச்சில் இழுப்பு வந்துவிட்டது. பகேரியாவில் டாக்குத்தர் அவன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மருந்து எழுதினார். அறை சூடாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னார். நானும் தலையாட்டினேன். எதைக் கொண்டு சூடாக்குவது என்று கேட்டிருக்கலாமே என்று வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. கேட்டிருந்தால் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று நினைத்திருப்பாரோ என்றும் தோன்றியது.

நகரத்து வீடுகளுக்குக் காஸ் குழாயில் வந்தது. எங்களுக்கு பொம்போலாதான், இரும்புச் சிலிண்டர். அதைக் கொண்டுவரும் லொறி தார் ரோட்டோடு நின்றுவிடும். மிச்சத் தூரம் கணவரின் தோள். மழை பெய்தால் சேற்றில் உருட்டவும் முடியாது. சமையல் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்கினால் சமைக்கக் காஸ் மிஞ்சாது. இரவலாக வாங்கிய மின்சார ஹீற்றரைச் செருகியதும் பழைய வயர் தாங்காமல் அறை இருண்டது. வெட்டிப் போட்ட எலுமிச்சைக் கொப்புகளை எரித்தேன். அவை ஈரத்தில் புகைந்தன, பிள்ளை இன்னும் இருமினான். பக்கத்துத் தோட்டத்துச் சிசிலிக்காரக் குடும்பமும் கோட்டோடும் தொப்பியோடும்தான் வீட்டுக்குள் இருந்து சாப்பிட்டது. அவர்களிடம் என்னத்தைக் கேட்பது?

எனக்கு வேண்டியது ஒரு ஸ்தூபா. தனக்கென்று வேறொரு பொம்போலாவை உள்ளே வைத்து எரிகிற, சில்லுகளில் உருட்டக்கூடிய கணப்படுப்பு. முதலில் அந்தச் சொல்லை நான் வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார்.

"அங்கை ஊரிலை புத்தருக்குக் கட்டினதுகள் காணாதெண்டு நீர் இஞ்சையும் தூபி கட்டப்போறீரோ?"

"பகிடி விடாதையுங்கோ. உங்கடை சின்யோராட்டைக் கேளுங்கோ."

"சமயம் பாத்துக் கேக்கிறன். அவசரப்படாதையும்."

சமயம் வரவில்லை. ஒருநாள் காலை, அவர் வேலைக்குப் போன பின், பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுபடுவதைக் கண்டேன். அவனை அவருடைய கம்பளிச் சட்டையில் சுற்றிக்கொண்டு தார் ரோட்டுக்கு நடந்தேன். அங்கிருந்த கோப்பிக்கடையில் தொலைபேசி இருந்தது. கணவரைக் கேட்காமல் போன் எடுப்பது சரியா, எடுக்காமல் விடுவது சரியா என்று வழி முழுக்க யோசித்தும் முடிவு வரவில்லை. கையே சின்யோராவின் தங்கையின் எண்ணைச் சுழற்றிவிட்டது.

எங்கள் இத்தாலியன் பெயர்ச்சொற்களால் ஆனது. அனுமதிக்குப் பெர்மெசோ, பொலிஸ் கந்தோருக்குக் குவெஸ்தூரா, வேலைக்கு லவோரோ, பிறகு பொம்போலா. வினைச்சொற்களுக்கு நாங்கள் இன்னும் போய்ச் சேரவில்லை. "பம்பினோ, மாலே. காசா, ஃபிரெத்தோ. ஸ்தூபா, பெர் ஃபவோரே" என்றேன். பிள்ளை, சுகமில்லை; வீடு, குளிர்; தயவுசெய்து, ஸ்தூபா. அந்த அம்மா வேகமாக, நீளமாகப் பேசினார். என் கணவரைச் சொன்னார், தன் அக்காவைச் சொன்னார், கூரையைச் சொன்னார். கடைசியில் எனக்குத் தெளிவாக விளங்கும்படி, குரலை உயர்த்தி, "ஸோனோ ஸ்தூபா, சின்யோரா! ஸ்தூபா!" என்றார்.

ஸ்தூபா இருக்கிறது என்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கிராட்சியே, கிராட்சியே" என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். கோப்பை துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் என்னையே பார்த்தார். அவருக்கும் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து, ஜன்னலோர மூலையை ஒதுக்கிக் கூட்டினேன். மெத்தையைத் தள்ளிப் போட்டேன். ஸ்தூபாதான் வருகிறதே என்று சமையல் அடுப்பையும் எரியவிட்டுப் பிள்ளையை அதற்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். அவன் நன்றாகத் தூங்கினான். கார்ச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடி இருந்தேன். பொழுது சாயும் முன் நெருப்பு நீலமாகச் சுருங்கி அணைந்தது. பொம்போலாவை ஆட்டிப் பார்த்தேன். வெறும் இரும்பு.

கணவர் வந்ததும் வாசலிலேயே சொன்னேன்.

"ஸ்தூபா வருது."

"ஆர் சொன்னது?"

"சின்யோரான்ரை தங்கச்சி. நான் போன் எடுத்தனான்."

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. "என்ன சொன்னவ? அப்பிடியே சொல்லும்."

பள்ளிக்கூடத்தில் ஒப்பித்து நல்ல புள்ளி வாங்கியவள் நான். அந்த அம்மாவின் ராகத்தோடேயே சொன்னேன். அவர் மெத்தையில் இருந்துவிட்டார்.

"ஐயோ அப்பா, அது அடுப்பில்லை. எனக்கு அலுத்துப் போச்சு, உங்களாலை காணும் காணுமெண்டு ஆகிப் போச்சு எண்டு அர்த்தம். எங்கடை சின்யோரா நாயைப் பாத்து நெடுகச் சொல்லுறவ."

"நான் நன்றி சொன்னனான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். பிறகு, "காஸும் முடிஞ்சுது" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். பால்மாவுக்குத் தண்ணீர் சுடவைக்க வழியில்லை. சட்டையைக் கழற்றிப் பிள்ளையைத் தன் வெறும் மார்பில் போட்டுக்கொண்டு, மேலே கோட்டை மூடினார்.

விடிந்ததும் மூவரும் ரயிலில் பலெர்மோவுக்குப் போனோம். பல்லரோச் சந்தையில், மீன் விற்கும் கடைக்கு மேலே, எங்கள் நாட்டு மன்னாரைச் சேர்ந்த அக்கா ஒருவர் இருந்தார். தமிழர் கூடும் கோயில் மண்டபத்தில் பழக்கமானவர். ஓர் அறையில் ஐந்து பேர். அவர் பிள்ளையின் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேறு கேள்வி கேட்கவில்லை.

"நீயும் பிள்ளையும் நில்லுங்கோ. தம்பிக்குத்தான் கால் நீட்ட இடமில்லை."

"எனக்கு வேண்டாம் அக்கா. தோட்டத்திலை ஆள் இல்லாட்டி வேலையும் போயிடும்" என்றார் கணவர்.

அங்கிருந்தே வேலைக்குப் போனவர், முடிந்து மாலையில் வந்தார். கை குளிர்கிறது என்று பிள்ளையைத் தொடாமல் கதவடியிலேயே நின்றார்.

"உள்ளை வாரும் தம்பி. கதவைத் திறந்து வைச்சு எங்கடை சூட்டையெல்லாம் சந்தைக்கு விடுறீர்" என்றார் அக்கா.

வந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துவிட்டுப் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தார்.

"அங்கை எப்பிடிப் படுப்பியள்?" என்று கேட்டேன்.

"உம்மடை போர்வையும் இப்ப எனக்குத்தானே. ராசா மாதிரிப் படுப்பன்."

பகேரியா ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இறங்கிப் போனார். அவரைத் தனியே அங்கே அனுப்புவது சரியா என்று யாரிடமும் கேட்க முடியவில்லை. பிள்ளையின் இழுப்பு குறைந்ததுபோல் இருந்தது. அறையின் இரைச்சலில் எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று அவன் நெஞ்சில் காதை வைத்தேன். சூடாக இருந்தான். மூச்சு எப்படி என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. காதை எடுக்காமல் அப்படியே இருந்தேன்.