காசு கொடுத்து வாங்கிய இலவசத் தொலைக்காட்சி

எங்கள் கேபிள்காரருக்குத் தமிழும் கன்னடமும் ஒன்றுதான். நாங்கள் புனேயில் கோந்த்வாவுக்குக் குடிவந்த இரண்டாம் வருடம், வந்துகொண்டிருந்த ஒரே தமிழ்ச் சேனலை எடுத்துவிட்டு ஒரு கன்னடச் சேனலைப் போட்டார். போய்க் கேட்டேன். சவுத் சேனல் கேட்டீர்கள், அதுதானே வருகிறது என்று இந்தியில் பொறுமையாக விளக்கினார். என் இந்தியில் அதற்கு மேல் வாதாட முடியாது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவி கலாவுக்கு ஊர் திருநெல்வேலி. அவள் வீட்டில் காலையில் போட்ட டிவி யாரும் பார்க்காமலே ஓடும். அடுப்படியிலிருந்தே அதற்குப் பதில் சொல்வார்கள். இங்கே நான் வேலைக்குப் போன பிறகு அவளிடம் தமிழ் பேசியது அந்தச் சேனல் மட்டும்தான். அது நின்றதற்கு அவள் குறைபட்டுக்கொள்ளவில்லை. கன்னடச் செய்தி பார்க்க ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இணையத்தில் தேடினேன். உலகத்துச் சேனல்கள் எல்லாம் இலவசம், ஒருமுறை மட்டும் பணம் கட்டினால் போதும் என்றது ஒரு தளம். இலவசத்துக்கு எதற்குப் பணம் என்று, மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நான் கேட்டிருக்க வேண்டும். கட்டினேன். வந்தது சேனல்களின் இணைப்புகள் அடங்கிய ஒரு பட்டியல். அதிலிருந்த தமிழ்ச் சேனலை அதன் சொந்தத் தளத்திலேயே யாரும் சும்மா பார்க்கலாம் என்று மறுநாள் அலுவலக நண்பர் காட்டினார். இரண்டு வழியிலும் படம் ஒரே மாதிரிதான் விக்கியது. கலாவிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு காலை, கலாவின் தங்கை வாணி அந்தச் சேனலின் நேரடி நிகழ்ச்சியில் பாடினாள். எதிர்வீட்டு மராத்தி அம்மாளையும் கலா பார்க்க அழைத்திருந்தாள். வாணி மைக்கைப் பிடித்தாள், வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றது.

“போட்டோ சான் ஆஹே” என்றார் அந்த அம்மாள். போட்டோ நன்றாக இருக்கிறதாம். அதைக் காட்டத்தான் கூப்பிட்டோம் என்று நினைத்து, டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கலா ஊருக்குப் போன் போட்டாள். மாமனார் எடுத்தார்.

“அப்பா, இங்க நின்னுட்டு. வாணி பாடுதாளா?”

“பாடுதா. இரு, போனை டிவி பக்கத்துல வைக்கேன்.”

இனியும் மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. “கலா, இந்தச் சேனல் சும்மாவே கிடைக்குது. நான்தான் காசு கட்டி ஏமாந்துட்டேன்” என்றேன்.

“பேசாம இருங்க. பாட்டு கேக்கல.”

கணினியில் அந்தப் பக்கத்தை மூடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தாள். திருநெல்வேலியில் ஓடிய பாட்டு காதில். புனேயில் நின்றுபோன முகம் எதிரில். பாட்டு முடியும்வரை தங்கையின் திறந்த வாயையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.