தங்கச்சி இளைத்த கதை

இன்று தங்கச்சி மாலதியின் கல்யாண ரவிக்கையைப் போட்டுப் பார்க்கக் கிள்ளான் டவுனில் உள்ள தையல் கடைக்குப் போனோம். தைத்து வைத்தது இப்போது தொளதொளவென்று இருந்தது.

தையல்கார ஆன்டி அசந்துபோனார். "என்னம்மா டயட்டு? எனக்கும் சொல்லு லா!"

மாலதி சிரித்தாள்.

அது டயட் இல்லை. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே அதை விரட்டி வேலை வாங்குகிறதாம். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறாள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கிறது. தினமும் மாத்திரை போட்டால் அடங்கும் என்றார் டாக்டர்.

காரில் ஏறியதும் கேட்டேன். "காலைல மாத்திரை போட்டியா?"

"நிறுத்திட்டேன்க்கா. போட்டா வெயிட் ஏறுது. கல்யாணம் முடியட்டும்."

"ஹார்ட் கெட்டுப்போகும்னு டாக்டர் சொன்னாரே?"

"நீ ஒருத்திதான் திட்டுற. மத்தவங்க எல்லாம் அழகா இருக்கேன்னு சொல்றாங்க."

விரல் நடுக்கத்தில் அவளால் சீட் பெல்ட்டை மாட்ட முடியவில்லை. நான்தான் மாட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களே, தயவுசெய்து "ஒல்லியாயிட்டியே" என்று அவளைப் பாராட்டாதீர்கள். அவளை மாத்திரை போட வைக்க யோசனை இருந்தால் சொல்லுங்கள். பாகற்காய் ஜூஸ் வைத்தியம் மட்டும் வேண்டாம், அதைச் சொல்வதில் சித்தி முந்திக்கொண்டார்.