உள்ளேயிருந்து பூசிய பொந்து

என் மனைவிக்கு இந்தப் பகுதியில் அடைப்புக்காரம்மா என்று பெயர். கட்டடச் சந்துகளிலும் புகைபோக்கிகளிலும் பறவைகள் கூடு கட்டாதபடி வலை அடித்து, கலவை பூசி அடைப்பது அவள் தொழில். ஏணி பிடிப்பது என் தொழில். பதினெட்டு வருடமாகப் பிடிக்கிறேன். எனக்கு ஒருவரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

எந்த ஓட்டையையும் அவள் பார்த்தவுடன் அடைக்க மாட்டாள். ஓட்டையின் வாயில் கசங்கிய காகிதத்தைச் செருகிவிட்டு மூன்று நாள் காத்திருப்பாள். காகிதம் அசையாமல் இருந்தால்தான் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். அசைந்திருந்தால், குஞ்சுகள் பறந்து போகும்வரை அந்தப் பக்கம் பூச்சுக்கரண்டியைக் கொண்டுபோக மாட்டாள். அவசரப்படுத்துகிறவர்களிடம், "வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். என்னிடமும் அப்படிச் சொல்லியிருக்கிறாள், வேறு விஷயத்துக்கு.

பேக்கரி முதலாளி பழைய விறகு அடுப்பைத் திங்கட்கிழமை மறுபடி மூட்டுவதாக இருந்தார். அதன் புகைபோக்கியில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே, செங்கல் பெயர்ந்து ஒரு பொந்து. அதை அடைக்கத்தான் போனோம்.

ஏறியவள் மேலேயிருந்து சிரித்தாள். "ஏங்க, யாரோ ஏற்கெனவே பூசியிருக்காங்க. நடுவுல மட்டும் விரல் நுழையற அளவுக்கு விட்டுட்டுப் போயிட்டான். அரைகுறை. ஆம்பள வேலையாத்தான் இருக்கும்."

அடைத்த பொந்துக்குக் காகிதம் எதற்கு என்று அந்தக் கீறலில் நேராகக் கலவையை வைத்து அழுத்தினாள். அது என் தலையில் வந்து விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடியும் என் தலை. பிறகு அந்தக் கீறலில் ஓர் அலகின் நுனி தெரிந்தது.

இறங்கி வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இருவாச்சிங்க, பெரிய அலகு வெச்ச பறவை. கேள்விப்பட்டதுதான், பாத்ததில்ல. அடைகாக்க உள்ள உக்காந்துகிட்டு, சேறும் எச்சமும் கொழச்சு, தானே வாசலப் பூசிக்கிட்டிருக்கா. எங்கையால கூட இப்படி வராது. நான் மூணு நாள் பாக்காம மூச்ச அடைக்கப் பாத்தேனே."

"ஒடச்சு எடுத்து வேற எங்கயாவது விட்டுடலாமே?"

"அடைகாக்க உக்காந்தா இறகெல்லாம் உதுந்துடும். வெளிய எடுத்தா பறக்க முடியாது, செத்துடும்."

அடைக்கவும் முடியாது, திறக்கவும் முடியாது. திங்கட்கிழமை புகை வந்தால் அந்தப் பொந்திலேயே அதன் கதை முடிந்துவிடும்.

"ஒரு பறவைக்காக என் அடுப்ப நிறுத்தச் சொல்றியாம்மா?" என்று முதலாளி எகிறினார். அவள் வாதாடவில்லை. அவரை மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்தாள். அரை மணி நேரத்தில் ஆண் பறவை வந்தது. சுவரைப் பற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து ஒவ்வொரு பழமாக எடுத்து அந்தக் கீறலில் நீட்டியது. உள்ளேயிருந்து அலகு வந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது. பதினோரு பழம். முதலாளி கையில் இருந்த டீ ஆடை கட்டிவிட்டது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, சொல்வதில் வெட்கமில்லை.

"எப்ப வெளிய வருவா?" என்று மட்டும் கேட்டார். கேஸ் அடுப்பிலேயே காலத்தை ஓட்டினார்.

வாரங்கள் கழித்து ஒரு நாள் காலையில் அவரே போன் செய்தார். "ஒடச்சுக்கிட்டு வெளிய வந்துட்டாம்மா! கூடு காலி. நாளைக்கே அடுப்பு மூட்டணும், வந்து அடைச்சுக் கொடு."

மாலையில்தான் போக முடிந்தது. கலவைச் சட்டியோடு ஏறியவள் பொந்தின் முன்னால் அப்படியே நின்றாள். விரலால் எதையோ தொட்டாள். விரலில் ஈரம் ஒட்டியிருந்தது. உடைந்த வாசல் மறுபடி பூசியிருந்தது, நடுவில் அதே கீறல்.

"குஞ்சுங்க இன்னும் உள்ளதாங்க இருக்கு," என்றாள். "வெளிய எட்டிக்கூடப் பாக்காத குஞ்சுங்க. அம்மா போனதும் அதுங்களே பூசிக்கிச்சு. யாருங்க சொல்லிக் கொடுத்தா?"

பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக நான் ஏணியை விட்டுவிட்டு வாயைப் பிளந்து மேலே பார்த்தேன்.

அடுப்படியிலிருந்து முதலாளி கத்தினார். "என்னம்மா, அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சு," என்றாள் அவள், சட்டியில் இருந்த கலவையைத் தொடாமலே. "நான் இல்ல."

அவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.