மஞ்சள் இல்லாத படம்

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஜன்னலை ஒட்டி ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. ஓர் ஓவியரின் படங்கள் அடங்கிய பெரிய புத்தகம் ஒன்றை அதில் விரித்து வைத்திருந்தார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து அதே பக்கம்தான். ஒரு மரத்தடியில் மூன்று பெண்கள். மரமும் புல்லும் நீலம், பின்னாலிருந்த குன்று வெறும் வெள்ளை.

நூலகரை நச்சரித்து மற்றப் பக்கங்களையும் பார்த்தேன். அவற்றில் அந்த ஓவியர் மஞ்சளை வாரி இறைத்திருந்தார். அந்த ஒரு படத்தில் மட்டும் பொட்டு மஞ்சள் இல்லை. இதை வேறு யாரும் கவனிக்கவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன் என்று தோன்றியதும் உட்கார முடியவில்லை. பஸ் ஏறாமல் எங்கள் வீடு இருந்த கட்கி வரை நடந்தே வந்தேன்.

அப்பாவுக்குத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதை வீட்டில் ஒருவரையும் நான் மறக்கவிட்டதில்லை. கல்லூரிக் கலைக் கழகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்கள் கட்டுரை வாசிப்பார்கள். எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து யாரும் அந்த மேடையில் ஏறியதில்லை. நான் பெயர் கொடுத்தேன். துக்கத்தில் ஓவியர் மஞ்சளைத் துறந்தார் என்று ஆங்கிலத்தில் பதினொரு பக்கம் எழுதினேன். ஒரு மாதம் வீட்டில் அதே பேச்சு.

அசல் படம் பம்பாயில் ஓர் அருங்காட்சியகத்தில் இருப்பதாகப் புத்தகத்தில் போட்டிருந்தது. வாசிப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

"தனியாவா? நட, நானும் வரேன்," என்றாள் அம்மா.

அருங்காட்சியகக் கூடத்தின் வாசலில் அம்மா செருப்பைக் கழற்றினாள். காவலாளி இந்தியில் போட்டுக்கொள்ளச் சொன்னார். "ரஹனே தோ பய்யா," இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தாள்.

படம் நான் நினைத்ததைவிடப் பெரியது. மரம் பச்சையாக இருந்தது. புல்லும் பச்சை. குன்று பழுத்த எலுமிச்சை நிறத்தில் எரிந்தது. புத்தகத்தில் ரோஜா நிறமாக இருந்த புடவைகள் இங்கே ஆரஞ்சு.

"நீலம் நீலம்னு ஒரு மாசமா உசுரை எடுத்தியே, எங்கடி அது?"

"இது வேற படமா இருக்கும்மா."

"அதே மூணு பொம்பளைங்கதானே. தோ இவ கன்னத்துல கை வச்சிக்கினு இருக்கா. நீதானே சொன்னே?"

"உனக்கு என்னம்மா தெரியும்? ஒரு எழுத்து படிக்கத் தெரியுமா உனக்கு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பச்சை தெரியும்டி," என்றாள்.

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வேகமாக வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோதுதான் நூலகத்து ஜன்னல் ஞாபகம் வந்தது. எத்தனை வருஷ வெயிலோ. அந்த ஒரு பக்கத்தின் மஞ்சளை மட்டும் தின்றிருக்கிறது. ஓவியர் எதையும் துறக்கவில்லை.

ரயிலில் பதினொரு பக்கத்தையும் மடியில் வைத்துத் திருத்தப் பார்த்தேன். ஒரு வரியை எடுத்தால் பின்னால் எல்லாம் சரிந்தது. அப்படியே வாசித்துவிடலாம், அசலைப் பார்த்தவர் அங்கே யார் இருக்கப் போகிறார்கள் என்றும் யோசித்தேன். கர்ஜத் ஸ்டேஷன் தாண்டி மழை நனைத்த பச்சை மலைகள் வந்தன. ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன். அம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மேடை ஏறி நாலு பக்கம் வாசித்தேன். குரல் நன்றாகத்தான் வந்தது. ஐந்தாம் பக்கத்தில் மறுபடி 'நீலம்' என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டேன். எழுதி வைக்காத ஆங்கிலத்தில், திக்கித் திக்கி, நான் எழுதியது தப்பு, அந்தப் படம் பச்சை, வெயிலில் வெளுத்த பக்கத்தை நம்பிவிட்டேன் என்று சொன்னேன். பின்வரிசையில் சிரித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த பேராசிரியை சிரிக்கவில்லை. "சரி, அந்தப் பச்சை எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

அந்தப் படத்தின் முன்னால் நின்ற நேரமெல்லாம் நான் நீலத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். "தெரியாது மேடம்," என்று சொல்லி இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு விடியும் முன்பே நான் தலை பின்னுவதைப் பார்த்து அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"மறுபடி எதுக்குடி? அதான் பார்த்துட்டு வந்தமே."

"நீ பார்த்தே. நான் இன்னும் பார்க்கலைம்மா."

இந்த முறை அவள் கூட வரவில்லை, தடுக்கவும் இல்லை. முதல் ரயிலில் தனியாக ஏறினேன்.