மாமி துறைமுக வாசலில் முழங்காலிட்ட நாள்

அப்பாவின் அக்கா ஒரு கன்னியாஸ்திரி. கொட்டாஞ்சேனையில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். எனக்கு மட்டும் மாமி. அணுகுண்டின் மேல் அவருக்குத் தனிப்பட்ட கோபம் இருந்தது. யுத்தம் முடிந்து, நகரத்தில் குண்டுச் சத்தம் ஓய்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அந்த நேரம் பார்த்து, இந்த நாட்டில் யாருமே கண்டிராத ஒரு குண்டுக்கு எதிராக மாமி ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கையெழுத்துச் சேர்த்தார். "வெடிச்ச குண்டுகள் போதாதே சிஸ்டர்?" என்று கேட்டபடியே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மாமியிடம் மாட்டேன் என்று சொல்வது அவ்வளவு லேசான காரியமல்ல.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு வெளிநாட்டுப் போர்க்கப்பல் கொழும்புக்கு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கலாம் என்றார்கள். எங்கள் வகுப்பும் தெரிவானது. சந்தோஷத்தில் என் கால் நிலத்தில் நிற்கவில்லை. மாமியோ, கப்பலில் அணு ஆயுதம் இருக்கிறதா என்று அந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதிக் கேட்டிருந்தார். இருக்கிறது என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை, அதுவே எங்கள் வழக்கம் என்று மிக மரியாதையான பதில் வந்தது.

"சீனியை எடுத்தனியா எண்டு கேக்க நீ இப்பிடிச் சொன்னா அம்மா விடுவாவா?" என்று மாமி என்னைக் கேட்டார். விடமாட்டார் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். "அக்கா, என்ர வேலையையும் யோசியுங்கோ. தமிழ் ஆக்களைப் பிடிச்சா லேசில விடமாட்டாங்கள்," என்றார்.

"யோசிச்சுத்தான் செய்யிறன் தம்பி."

எங்கள் பஸ் துறைமுக வாசலை அடைந்தபோது, பாதையின் நடுவில் மாமி முழங்காலில் இருந்தார். பக்கத்தில் ஒரு ஃபாதரும் முகத்துவாரத்து மீன்காரப் பெண்கள் மூவரும். செபமாலை பாதி தமிழில், பாதி சிங்களத்தில் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. பஸ் நின்றது. வகுப்பு முழுவதும் ஜன்னல்களுக்குப் பாய்ந்தது.

"அது எங்கட மாமி," என்றேன், துறைமுகமே எங்கள் வீட்டுச் சொத்து என்பதுபோல.

பொலிஸ் இன்ஸ்பெக்டர் வந்து சிங்களத்தில் எழும்பச் சொன்னார். செபமாலை முடியட்டும் என்றார் மாமி. இன்ஸ்பெக்டரும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். முடிந்தது. உடனே மாமி இரண்டாவதைத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் பெண் பொலிஸார் அவரைத் தூக்கினார்கள். ஒரு செருப்பு பாதையில் விழுந்தது. டீச்சர் கூப்பிடக் கூப்பிட நான் இறங்கி ஓடி, அதை எடுத்து ஜீப்புக்குள் நீட்டினேன்.

"மாமி, கால் சுடும்."

"நல்ல பிள்ளை. வெயிலுக்க நிக்காத, போய் பஸ்ஸில ஏறு," என்றார் மாமி.

டீச்சர் பஸ்ஸைத் திருப்பச் சொல்லிவிட்டார். கப்பலைப் பார்க்காத கோபத்தில் வகுப்பே என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் நீதிமன்றத்தில் நீதவான், இனிச் செய்யமாட்டேன் என்று சொன்னால் வீட்டுக்குப் போகலாம் என்றார். பொய் சொல்ல ஏலாது என்றார் மாமி. அபராதம் விதித்தார்கள். "நான் கட்டுறன், பேசாம வாங்கோ," என்றார் அப்பா. "நீ கட்டினா நான் செய்தது பிழையெண்டு ஆகிடும்," என்று சொல்லிவிட்டு மாமி ஒரு வாரம் சிறைக்குப் போனார். அலுவலகத்தில் அப்பாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "அவ என்ர அக்கா" என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

மாமி உள்ளே இருக்கும்போதே கப்பல் போய்விட்டது. அது வந்த அன்றே குறித்து வைத்திருந்த நாளில்தான் புறப்பட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மாமிதான் துரத்திவிட்டார் என்று வகுப்பில் அறிவித்தேன். கோபித்திருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் வந்துவிட்டார்கள்.

விடுதலையான அன்று பொரளைச் சிறை வாசலுக்குப் போய்க் கூட்டிவந்தோம். "மாமி, கப்பல் ஓடிட்டுது!" என்று கட்டிப்பிடித்தேன். மாமி மெலிந்திருந்தார், சிரிப்பில் ஒரு குறைவுமில்லை. திரீவீலரில் ஏறியதும் அப்பாவிடம் கேட்டார்:

"தம்பி, அடுத்த கப்பல் எப்ப வருது?"

அப்பா வெளியே பார்த்தபடி, மெதுவாக, மாதத்தையும் தேதியையும் சொன்னார்.

வென்றுவிட்ட மாமி எதற்காக அதைக் கேட்கிறார், அவ்வளவு தடுத்த அப்பா எதற்காக அதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.